சும்மா இருப்பவர்களும் சுமப்பவர்களும்: திருவண்ணாமலை மௌனம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

திருவண்ணாமலையை மௌனத்தின் ஊர் என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் வெளியூர்க்காரர்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது பௌர்ணமிக்குப் பௌர்ணமி பதினான்கு கிலோமீட்டர் மலைச்சுற்றுப் பாதையில் லட்சக்கணக்கான கால்கள் நடக்கும் ஊர். கார்த்திகை தீபத்தன்று உச்சியில் கொப்பரை பற்றிக்கொண்டதும் தொண்டை கிழிய 'அரோகரா' போடும் ஊர். விடிய விடியத் தெருக்கூத்து ஆடும் கிராமங்களுக்குச் சந்தை ஊர். முற்போக்கு எழுத்தாளர்களின் கலை இலக்கிய இரவுகள் வளர்ந்த ஊர். சத்தத்தால் ஆன இந்த ஊருக்கு மௌனம் என்கிற அடையாளம் எப்படி வந்தது? மௌனத்தில் உட்கார்ந்தால் சேர்ந்துபோன மன அழுத்தம் கரைந்துவிடும் என்கிற இன்றைய பேச்சு அந்த அடையாளத்தின்மேல் எப்படி வந்து ஏறிக்கொண்டது? இந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இம்மாதிரி விஷயங்களை 'தப்பியோடும் மனோபாவம்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது நம் வட்டங்களில் வழக்கம். அந்த வழக்கத்தால் நமக்கு நஷ்டம்தான். வழக்கு, கைது, உட்கட்சிச் சண்டை, குடும்பத்தின் வசவு, கையில் காசில்லாமை என்று வருஷக்கணக்கில் சுமந்து ஒருநாள் சத்தமில்லாமல் ஒதுங்கிப்போகிற தோழர்களைப் பற்றிப் பேச நம்மிடம் மொழி இல்லை. 'பர்ன் அவுட்' என்று இன்று கம்பெனி அதிகாரிகள் பெருமையோடு சொல்லிக்கொள்கிற சொல்லை 1974இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் கட்டுரையாக எழுதியபோது அவர் கண்முன் இருந்தவர்கள் கம்பெனி அதிகாரிகள் அல்லர். நியூயார்க்கின் இலவச மருத்துவமனையில் சம்பளமில்லாமல் உழைத்து உருக்குலைந்த தொண்டர்கள். நம்மைப் போன்றவர்களைப் பார்த்து உண்டான ஒரு சொல் நம்மிடமிருந்து பறிபோய் நிர்வாகவியல் பாடப்புத்தகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மௌனத்துக்கும் இதேதான் நடந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

2

முதலில், 'சேர்ந்துபோன அழுத்தம்' என்கிற உருவகத்தைக் கவனிப்போம். கொதிகலனுக்குள் நீராவி சேர்கிறது. வால்வைத் திறந்தால் வெளியேறுகிறது. மனசை இப்படிப் பார்ப்பது இயற்கையானதல்ல. அது நீராவி யுகத்தின் பார்வை. 1895இல் வியன்னாவில் ப்ராயரும் ஃப்ராய்டும் ஹிஸ்டீரியா பற்றிய தங்கள் ஆய்வுகளை வெளியிட்டார்கள். உள்ளே அடைபட்ட உணர்ச்சி பேச்சின் வழியே வெளியேறினால் நோய் தீரும் என்பது அந்த நூலின் அடிப்படை. பேசித் தீர்ப்பது ஐரோப்பாவில் மருத்துவமான அதற்கு அடுத்த வருஷம்தான், 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன் மதுரையிலிருந்து ஓடிவந்து திருவண்ணாமலையில் பேசாமல் உட்கார்ந்தான்.

'ஸ்ட்ரெஸ்' என்பது பொறியியலிலும் இயற்பியலிலும் புழங்கிய சொல். அதை உடம்புக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மான்ட்ரியலில் வேலை பார்த்த ஹான்ஸ் செல்யே. பலவகைத் துன்பங்களுக்கு ஆளான எலிகளின் உடம்பில் ஒரேவிதமான மாற்றம் நிகழ்வதாக 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். பின்னாளில் அவருடைய ஆராய்ச்சிக்கு அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகளின் பணம் போனது. நோய்க்குக் காரணம் மன அழுத்தம் என்று சொல்லப்படுவது சிகரெட் விற்கிறவனுக்குச் சௌகரியம். இது தற்செயலான துணைக்கதை அல்ல. அழுத்தம் என்கிற சொல்லின் அரசியலே இதுதான்: அழுந்துகிறவனைப் பற்றி விரிவாகப் பேசும், அழுத்துகிறவனைப் பற்றி வாயைத் திறக்காது.

அதன்பின் மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம் 'சேர்ந்துபோன ஸ்ட்ரெஸ் வெளியேறுதல்' என்கிற மொழியிலேயே மேற்கில் பரவியது. 1975இல் ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் அந்தத் தியானத்திலிருந்து மந்திரத்தையும் குருவையும் கழித்துவிட்டு, உடம்பின் தளர்வு நிலை என்று பெயர் வைத்துப் புத்தகம் போட்டார். 1979இல் ஜான் கபாட்-ஸின் மாசசூசெட்ஸ் மருத்துவக் கல்லூரியில் அழுத்தக் குறைப்பு வகுப்புகளை ஆரம்பித்தார். இங்கிருந்து போன சரக்கு அங்கே வேறு பேர் ஒட்டிக்கொண்டு இங்கேயே திரும்பி வந்தது.

திருவண்ணாமலையில் உட்கார்ந்தவர் இந்த உருவகத்துக்குள் அடங்கவே மாட்டார் என்பதுதான் வேடிக்கை. எண்ணம் எழுந்தால் அதை வெளியேற்று என்று அவர் சொல்லவில்லை. 'இது யாருக்கு எழுந்தது?' என்று கேள் என்றார். அழுத்தத்துக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான் என்று வைத்துக்கொண்டு அவனுடைய பாரத்தைக் குறைக்கப் பார்க்கிறது ஸ்ட்ரெஸ் சொல்லாடல். ரமணர் அந்தச் சொந்தக்காரனையே விசாரணைக்கு இழுத்தார். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்கிற ரெவின்யூ இலாகா ஊழியர் கேட்ட கேள்விகளுக்கு அவர் எழுத்தில் தந்த பதில்களே 1923இல் 'நான் யார்?' என்று அச்சேறின. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இன்று அவர் படத்தைப் போட்டு விற்கப்படுவது முதலாவது சரக்கு.

3

'ரமணரின் மௌனம்' என்று ஒருமையில் சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அது கட்டம் கட்டமாக மாறியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் அதைச் சுமந்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள்.

ஆரம்பத்தில் அது விரதமே அல்ல. மௌன விரதம் என்று தான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, பேசத் தோன்றவில்லை என்பதுதான் பின்னாளில் அவரே கொடுத்த விளக்கத்தின் சாரம். ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்த பையன்மேல் தெருப் பையன்கள் கல்லெறிந்தார்கள். தப்பிப்பதற்காகப் பாதாள லிங்கக் குகைக்குள் இறங்கினான். இருட்டில் பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாக்கின. கடைசியில் வெங்கடாசல முதலியார் என்பவரும் இன்னும் சிலருமாகச் சேர்ந்து அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டுவந்து வெளியே வைத்தார்கள். அம்மன் சந்நிதி அபிஷேகப் பாலை வாயில் ஊற்றிவிட்டார்கள். கேரளத்துப் பழனிசாமி கூடவே இருந்து வருஷக்கணக்கில் பணிவிடை செய்தார். மலைமேல் இருந்த காலத்தில் கீரை பறித்துச் சமைத்துக் கொண்டுவந்த கிழவி ஒருத்தி உண்டு, பேரே கீரைப்பாட்டி. எச்சம்மாள், முதலியார் பாட்டி என்று சோறு சுமந்தவர்களின் வரிசை நீளமானது. எச்சம்மாள் 1945இல் சாகிறவரை அந்தச் சோற்றை நிறுத்தவில்லை. சும்மா இருத்தல் என்பது ஒரு தனி உடம்பின் சாதனையாகச் சொல்லப்படுகிறது. அந்த உடம்புக்குச் சோறு போட்ட கைகளைக் கதையாடல் 'பக்தி' என்கிற அடிக்குறிப்புக்குள் தள்ளிவிடுகிறது.

1898 டிசம்பரில் அழகம்மாள் மகனைத் தேடி வந்தார். பவளக்குன்றில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்து நாள்கணக்கில் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. பக்கத்திலிருந்தவர் காகிதமும் பென்சிலும் கொடுத்துக் கெஞ்சிய பிறகு, அவரவர் வினைப்படியே எல்லாம் நடக்கும், நடக்காதது என்ன செய்தாலும் நடக்காது, ஆகவே பேசாமலிருப்பதே நல்லது என்கிற பொருளில் எழுதிக் கொடுத்தார். தத்துவமாக வாசித்தால் உயர்ந்த வரிகள். அழுதுகொண்டிருந்தவரின் பக்கத்திலிருந்து வாசித்தால்? அழகம்மாள் விதவை, பிள்ளை ஒருத்தன் வீட்டைவிட்டுப் போய்விட்டான். சேர்ந்துபோன பாரம் அந்த இடத்தில் யாரிடம் இருந்தது? மௌனம் ஒருத்தரிடமிருந்து இறக்கியதை இன்னொருத்தர் தலையில் ஏற்றியது என்று சொன்னால் அபாண்டமாகாது.

கதை அதோடு முடியவில்லை. 1916இல் அழகம்மாள் மலைக்கே நிரந்தரமாக வந்துவிட்டார். கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். அதுவரை பிச்சையிலும் பிறர் கொண்டுவரும் சோற்றிலும் ஓடிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு ஒரு சமையற்கட்டு உண்டானது. 1922 மே 19ஆம் தேதி அவர் சாகக் கிடந்தபோது மகன் ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்து, மூச்சு அடங்கும்வரை பக்கத்தைவிட்டு நகராமல் இருந்தார். 1898இல் காகிதத்தில் தத்துவம் எழுதித் தந்த அதே ஆள்தான். இருபத்துநான்கு வருஷங்களில் அந்த மௌனத்துக்குக் கைகள் முளைத்திருந்தன. அம்மாவின் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் எழும்பியது.

4

விரூபாட்ச குகைக் காலத்துச் சம்பவம் ஒன்று நம் விவாதத்துக்கு மிக முக்கியம். குகை ஒரு மடத்துக்குச் சொந்தம். கார்த்திகைக் கூட்டம் ஏறிவந்தபோது மடத்துக்காரர்கள் சாமியைப் பார்க்கக் கட்டணம் வைத்தார்கள். காசில்லாதவன் பார்க்க முடியாது என்றானதும் ரமணர் எழுந்து வெளியே வந்து திறந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டார். வசூல் இடத்தை இன்னும் வெளியே தள்ளி வைத்தார்கள். அவர் அந்த இடத்தையும் விட்டு இறங்கி வேறு குகைக்குப் போய்விட்டார். கூட்டமும் அவர் பின்னாலேயே போய்விட்டது. கடைசியில் மடம் கட்டணத்தைக் கைவிட்டு அவரைத் திரும்பக் கூப்பிட்டது. ஒரு வார்த்தை வாக்குவாதமில்லை. உட்காருகிற இடத்தை மாற்றியதே போராட்டம்.

இந்தச் சம்பவத்தை அவருடைய கருணைக்கு உதாரணமாகவே சொல்லிவருகிறார்கள். நான் இதை மௌனத்தின் விலை பற்றிய முதல் தகராறு என்று வாசிக்கிறேன். சும்மா இருப்பதற்குக் கூலி வாங்க ஒரு நிறுவனம் முயன்றது. சும்மா இருந்தவரே அதை முறியடித்தார். ஓய்வு அறைக்கும் மௌன முகாமுக்கும் தொகை கட்டி வருகிற இன்றைய வியாபாரத்தைப் பார்க்கிறபோது இந்தச் சம்பவம் ஏன் அதிகம் பேசப்படுவதில்லை என்பது புரிகிறது.

அடிவாரத்தில் ஆசிரமம் வேரூன்றியபோது மௌனம் ஒரு நிறுவனமானது. 1931இல் களைத்துப்போன லண்டன் பத்திரிகையாளர் பால் பிரண்டன் கேள்விகளைத் தயார்செய்துகொண்டு வந்து, கூடத்தில் உட்கார உட்காரக் கேள்விகள் உதிர்ந்துபோனதாக எழுதினார். 1934இல் வந்த அந்தப் புத்தகமே திருவண்ணாமலையை உலக வரைபடத்தில் மௌனத்தின் ஊராகக் குறித்தது. முதல் பத்தியில் கேட்ட கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. மில்லும் அலுவலகமும் உற்பத்தி செய்த களைப்பு, அதற்கு மருந்தாகக் கிழக்கில் ஒரு மௌனத்தைக் கண்டெடுத்தது. மலை சுற்றுகிற கூட்டத்தின் சத்தம் அந்தப் படத்தில் விழவில்லை.

அந்தக் கூடத்துக்குள் என்ன ஒழுங்கு இருந்தது? சாப்பாட்டுக் கூடத்தில் பிராமணர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே தடுப்பு இருந்தது. இரண்டு பக்கமும் பார்க்கிற மாதிரி ரமணர் உட்கார்ந்தார். தடுப்பு எடுக்கப்படவில்லை. சமையற்கட்டில் பிராமண விதவைகள் உழைத்தார்கள்; பொழுது சாய்ந்ததும் பெண்கள் ஆசிரம எல்லையைவிட்டு வெளியேற வேண்டும் என்பது விதி. 1928இல் தியானம் செய்ய வந்த அண்ணாமலை சுவாமி, சுவர் கட்டுவதையும் கட்டிடம் எழுப்புவதையும் மேற்பார்த்தே பத்து வருஷத்தைக் கழித்தார். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: விடியுமுன் எழுந்து அந்த விதவைகளோடு உட்கார்ந்து ரமணரே காய் நறுக்கினார், அரைத்தார், கிண்டினார். 1938இல் நிர்வாகத்தைத் தம்பிக்கும் அவர் வழி வாரிசுகளுக்கும் எழுதிவைத்த உயிலில், கையெழுத்துக்குப் பதிலாக ஒரு கோடு போட்டார். எனக்குப் பேர் இல்லை என்பது அந்தக் கோடு. ஆனால் சொத்து கைமாற அந்தக் கோடே போதுமானதாக இருந்தது. நிறுவனம் மௌனத்தையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டியதில்லை.

5

'சும்மா இரு' என்கிற உபதேசத்துக்குத் திருவண்ணாமலையில் ரமணருக்கு முந்தைய கதை இருக்கிறது. கோபுரத்திலிருந்து குதித்த அருணகிரிநாதரை முருகன் தாங்கிப் பிடித்து இதைச் சொன்னதாக ஊர்க் கதை. சும்மா இருக்கச் சொல்லப்பட்ட அந்த ஆள்தான் அதன்பின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தப் பாடல்களைப் பாடித் தள்ளினார் என்பதைச் சொல்கிறவர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

இந்தச் சொல்லுக்கு வீட்டிலும் சேரியிலும் வேறு வாழ்க்கை. 'வாயப் பொத்திக்கிட்டு சும்மா கெட' என்பது மருமகளுக்கு. 'பெரியவங்க பேசறப்ப நீ சும்மா இருடா' என்பது பண்ணையாளுக்கு. உபதேசமும் உத்தரவும் ஒரே சொல்லில். இதே மாவட்டத்தில் தண்டராம்பட்டு அருகே தென்முடியனூரில், முத்துமாரியம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய முடிந்தது 2023 ஜனவரி 30ஆம் தேதி. போலீஸ் காவலோடு, மாவட்ட நிர்வாகம் முன்னே நிற்க. ஏறத்தாழ எண்பது வருஷத் தடை என்று அப்போது செய்திகள் வந்தன. எண்பது வருஷம் வாசலுக்கு வெளியே 'சும்மா' இருந்தவர்களிடம் போய் மௌனம் மன அழுத்தத்தைக் கரைக்கும் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அவர்களிடம் சேர்ந்த அழுத்தமே மௌனத்தால் ஆனது.

ஆகவேதான் கீழ்ச்சாதிப் பண்பாடுகளில் பாரம் இறக்குவதற்கு வேறு வழிகள் உண்டாயின. அவை வாயைத் திறக்கிற வழிகள். ஒப்பாரியில் பெண் செத்தவரைப் பற்றி மட்டுமா பாடுகிறாள்? தாய்வீடு கைவிட்டது, புருஷன் அடித்தது, பங்காளி ஏமாற்றியது எல்லாம் சந்தத்தோடு சபைக்கு வந்துவிடும். யாரும் குறுக்கே பேச முடியாது. இந்தப் பகுதியின் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பதினெட்டாம் போர் நாளன்று துரியோதனன் மண்ணுருவமாகப் படுத்துக் கிடக்க, படுகளத்தைச் சுற்றிப் பெண்கள் மாரடித்து அழுவார்கள். எதிராளிக்காகவே அழுகிற அந்தச் சந்தர்ப்பத்தில் ஊர்ப்பட்ட அழுகை அத்தனையும் வெளியே வரும். 'கொட்டித் தீத்துட்டேன், பாரம் எறங்கிச்சு' என்பார்கள். சாமியாடுகிற உடம்பு வருஷம் முழுக்கச் சொல்ல முடியாததைச் சாமி வாக்காக ஊர்ப் பெரியவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். மௌனத்தை ஞானமாகவும் இவற்றை வெறும் ஆவேசமாகவும் தரம் பிரித்தது யாருடைய அழகியல் என்று கேட்காமல் மௌனத்தின் வரலாற்றை எழுத முடியாது.

ரமணர் காலத்திலேயே இந்த ஊரில் சேஷாத்ரி சுவாமிகள் இருந்தார். கடைக்குள் நுழைந்து சாமானை வாரி இறைப்பார், தெருத்தெருவாகத் திரிவார். 1929இல் செத்துப்போனார். பின்னால் வந்த யோகி ராம்சுரத்குமார் 2001இல் இறக்கும்வரை சிகரெட்டும் சிரிப்புமாக இருந்தார். மௌனம் மட்டுமே இந்த ஊரின் ஞானம் என்பதை இந்த ஊரின் சாமியார்களே ஒப்புக்கொள்ளவில்லை.

6

அப்படியானால் மௌனமாக உட்காருவதை என்ன செய்வது? தூக்கி எறிய வேண்டுமா? என் வாதம் அதுவல்ல.

காந்தி திங்கட்கிழமைதோறும் பேசாமல் இருந்தார். அந்தப் பழக்கம் முதலில் ஆரம்பித்தது உடம்புக்கு ஓய்வு வேண்டியும் எழுத்து வேலைக்கு நேரம் வேண்டியும். ஆன்மிக அர்த்தம் பிறகு சேர்ந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். காந்தியோடு நமக்கு ஆயிரம் தகராறு இருக்கலாம். ஆனால் ஒரு இயக்கக்காரர் தன் களைப்பை ஒப்புக்கொண்டு வாரத்தில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கினார் என்பதில் கற்றுக்கொள்ள இருக்கிறது. அவருடைய மௌனத்துக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இருந்தது. எழுந்து பேசுகிற நாள் முன்கூட்டியே தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை இல்லாத மௌனம் எப்படியிருக்கும் என்பதற்குத் திகார் சிறை ஓர் உதாரணம். 1994இல் கிரண் பேடி அதிகாரியாக இருந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் பத்து நாள் பேசாமல் விபாசனாவில் உட்கார்ந்தார்கள். பலர் அழுதார்கள், மனசு லேசானது என்றார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அப்போது திகாரில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்களே அல்லர், விசாரணைக் கைதிகள். பத்தாம் நாள் மௌனம் கலைந்தது. வழக்கு விசாரணை அதற்காக ஒரு நாள் முன்னால் வந்துவிடவில்லை. 'யாருக்கு இந்தத் துன்பம்?' என்கிற கேள்வி அவர்களுக்கு உள்ளே ஒரு கதவைத் திறந்திருக்கலாம். 'யாரால் இந்தத் துன்பம்?' என்கிற கேள்வி நீதிமன்ற வாசலிலேயே நின்றது. முதல் கேள்வியை ஆசிரமங்களும் இரண்டாவது கேள்வியை இயக்கங்களும் ஆளுக்கொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டதுதான் நம்முடைய தீவினை. முதல் கேள்வியை மட்டும் கேட்கிறவன் தடுப்பு போட்ட சாப்பாட்டுக் கூடத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டுவிடுவான். இரண்டாவதை மட்டும் கேட்டுக்கொண்டேயிருக்கிறவன் ஒருநாள் தன் தோழனையே எதிரியாகப் பார்த்துக் கத்துவான். இரண்டையும் நாம் பார்த்திருக்கிறோம்.

விரூபாட்ச குகையின் கட்டணத் தகராறு நமக்கு உதவுவது இங்கேதான். அந்த மௌனத்தில் இரண்டு கேள்விகளும் ஒன்றாக இருந்தன: உள்ளே அலையடிக்காத ஓர் உடம்பு, வெளியே அநியாயம் வந்ததும் இடத்தைவிட்டு எழுந்தது. அப்படி எழக்கூடிய மௌனமே நமக்கு வேண்டியது. எந்த மௌனத்தையும் ஏற்பதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம். உட்காருகிறவர் தானாக உட்கார்ந்தாரா, உட்கார வைக்கப்பட்டாரா? அவர் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அடுப்படியில் நிற்பது யார்? எழுந்து பேச வேண்டிய நேரத்தில் கதவு திறந்திருக்குமா?

இதைச் சின்ன அளவிலாவது நம் அமைப்புகளிலேயே செய்து பார்க்க முடியும். கூட்டம் ஆரம்பிக்குமுன் கால்மணி நேரம் யாரும் பேசாமல் உட்காரலாம். அதற்குக் குருவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அதே கூட்டத்தில் இதுவரை வாய் திறக்காதவர் முதலில் பேசட்டும். ஒப்பாரியில் மாதிரி யாரும் குறுக்கே பேசாமல் கேட்கட்டும். அன்றைக்கு டீ போடுகிறவரும் பாத்திரம் கழுவுகிறவரும் முறை வைத்து மாறட்டும். இவ்வளவு காலமும் நம் கூட்டங்களில் டீ போட்ட பெண்கள் ஒருநாளாவது உள்ளே வந்து சும்மா உட்காரட்டும்.